ஊனத்தை அளக்கும் கோல்

உதவித் திட்டங்களைச் சீர்திருத்தப் போகிறோம் என்று ஓர் அரசாங்கம் அறிவித்தால், அந்த உதவியைக் கொண்டு அடுப்பெரிப்பவன் கேட்கவேண்டிய முதற் கேள்வி ஒன்றுண்டு. சீர்திருத்தம் முடிந்த பிறகு பட்டியலில் என் பெயர் இருக்குமா, இராதா? மற்றைப் பேச்செல்லாம் இதற்குப் பிறகுதான்.

நம் நாட்டில் சில ஆண்டுகளாக நடந்து வரும் மாறுதல்களைத் தொழிலாளர்கள் கவனித்திருப்பார்கள். எல்லாருக்கும் கொடுப்பதை நிறுத்தி, தேவைப்பட்டவர்க்கு மட்டும் கொடுப்பது என்பதே அவற்றின் அடிப்படை. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை இந்த முறைக்குள் வந்தது. 2025 செப்டம்பர் 30 முதல் சலுகை விலையில் பெட்ரோல் வாங்க மைகாட் அட்டையை நீட்ட வேண்டியதாயிற்று. இவற்றுக்கெல்லாம் முன்பே, 2024 ஜனவரி 2-ஆம் தேதி, குடும்பங்களின் வரவு செலவு விவரங்களை ஒரே இடத்தில் திரட்டுவதற்கென்று "பாடு" என்ற பெயரில் ஒரு தகவல் தளம் திறக்கப்பட்டது. அவ்வாண்டு மார்ச் 31 வரை பதிந்து கொள்ளலாம் என்றார்கள். மலாய்ச் சொற்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து வைத்த பெயர் அது. தமிழில் பாடு என்றால் என்னவென்று பெயர் வைத்தவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நமக்குத் தெரியும்.

இந்தக் கொள்கையை நாம் மொத்தமாக எதிர்க்கவில்லை. மூன்று மோட்டார் வண்டி வைத்திருப்பவருக்கும் மூன்று மைல் நடந்து நிரைக்குப் போகிறவருக்கும் ஒரே சலுகை என்பது எந்த ஊர் நியாயம்? மிஞ்சியவரிடமிருந்து எடுத்து மிடியுற்றவருக்குக் கொடுப்பதானால் கைதட்டி வரவேற்போம். நம் கவலை வேறு. வசதியுள்ளவரைக் கழிப்பதற்காகப் பின்னப்படும் சல்லடையில், வசதியற்ற ஊனமுற்றவர் விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் அது. ஏனெனில் ஊனமுற்றோர்க்குரிய உதவி புதிதாகச் சலிக்கப்பட வேண்டியதன்று; அது தொடங்கிய நாளிலிருந்தே சலிக்கப்பட்டுத்தான் வருகிறது.

மலாக்காவிலுள்ள நமக்கு இது ஊர்க்கதை. மலாயாவில் வாணிபத்துக்காக ரப்பர் முதன்முதல் பயிரானது இந்த மாநிலத்தில்தான். 1896-இல் தான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். அதைத் தொடர்ந்து வந்த தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவர 1907-இல் ஒரு குடியேற்ற நிதி உண்டாக்கப்பட்டது. ஆளைக் கொண்டுவர உதவிய அதே நிதிதான் ஆளைத் திருப்பி அனுப்பவும் உதவியது. கால் போனவன், கண் போனவன், நெஞ்சு நோய் கண்டவன் கப்பலேற்றப்பட்டான். 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது கைகால் நன்றாயிருந்தவர்களையும் அவ்வாறே அனுப்பினார்கள். உழைக்க முடியாதவனைக் கண்காணாத இடத்துக்கு அனுப்பிவிடுவதே அந்நாளைய சமூகநலத் திட்டம்.

பிறகு 1952-இல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. வேலையில் காயம்பட்டால் முதலாளி பணம் கொடுக்கவேண்டும் என்றது அது. நல்லதுதான். ஆனால் மொத்தமாக ஒரு தொகை. வாங்கிய பணம் கடனுக்கும் கலியாணத்துக்கும் போனபின் மனிதன் மறுபடி வெறுங்கையன். தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் 1954-இல் ஒன்றுபட்டபின் ஓயாமல் கேட்டு வந்தவற்றுள் நிலையான பாதுகாப்பு என்பதும் ஒன்று. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1971-இல் சொக்சோ அமைந்தது. மாதா மாதம் சந்தா. காயம்பட்டவனுக்கு ஆயுள் வரை ஒரு வருவாய். வேலைக்குத் தொடர்பில்லாத நோயால் உழைக்க முடியாமற் போனவனுக்கு இயலாமைப் பென்ஷன். பிச்சையாக வந்ததன்று இது. நம் சம்பளத்திலிருந்து பிடித்த காசும், நம் உழைப்புக்காக முதலாளி கட்டிய காசும் சேர்ந்தது. இந்த வேறுபாட்டை நம்மவர் பலர் இன்னும் உணரவில்லை. சொக்சோ வாசலில் நிற்கும்போதும் கோயில் வாசலில் நிற்பது போலவே கைகட்டி நிற்கிறார்கள்.

சரி, அந்தப் பென்ஷனை யாருக்குக் கொடுக்கிறார்கள்? சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் இயலாமை என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. தீராத நோயோ ஊனமோ இருக்கவேண்டும். அதன் காரணமாக, தன் வலுவுக்கும் உடல் திறனுக்கும் ஏற்ற ஒரு வேலையைச் செய்து, நல்ல உடம்போடு இருக்கும் தொழிலாளி சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க இயலாதவனாக இருக்கவேண்டும். அதோடு, மனுச் செய்வதற்கு முந்திய 40 மாதங்களில் 24 மாதமாவது சந்தா கட்டியிருந்தால்தான் முழுப் பென்ஷன். குறைந்த பென்ஷனுக்கு வேறு கணக்கு.

"உடல் திறனுக்கு ஏற்ற வேலை" என்ற இந்தச் சொல்லில்தான் தோட்டத் தொழிலாளியின் தலையெழுத்து அடங்கியிருக்கிறது. முழங்கால் தேய்ந்த ஒரு பால்மரத் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து முப்பது வருஷம் உழைத்தவர். அவரால் இனி ஏற முடியாது; பால் வாளியைத் தூக்க முடியாது. மருத்துவக் குழுவின் முன் போய் நிற்கிறார். கை நன்றாயிருக்கிறது, கண் நன்றாயிருக்கிறது, புத்தி நன்றாயிருக்கிறது. உட்கார்ந்து செய்யும் வேலை செய்யலாமே என்று ஒரு டாக்டருக்குத் தோன்றினால் அவரைக் குறை சொல்ல முடியாது. உடம்பைப் பார்ப்பது அவர் தொழில். ஆனால் அந்த உட்காரும் வேலை எங்கே இருக்கிறது?

ஒரு காலத்தில் இருந்தது. தோட்டத்தில் வயதானவருக்கும் காயம்பட்டவருக்கும் இலேசான வேலை கொடுக்கும் வழக்கம் உண்டு. ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்ப்பது, ஸ்டோரில் மங்கு கழுவுவது, லயத்தைப் பெருக்குவது, இரவில் காவலிருப்பது. துரையின் தயவாகக் கிடைத்தது என்றாலும் கிடைத்தது. இன்று ஜாசினிலிருந்து அலோர் காஜா வரை ரப்பர் இருந்த மலைச்சரிவெல்லாம் செம்பனை. செம்பனை இருந்த இடமெல்லாம் வீடமைப்பு. மிஞ்சியுள்ள வேலையையும் குத்தகைக்காரர் ஆள்வைத்துச் செய்கிறார். குத்தகைக்காரருக்கு இலேசான வேலை என்று ஒன்று தெரியாது. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்ட, ஐம்பத்திரண்டு வயதான, முழங்கால் மடங்காத ஒருவருக்கு நகரத்தில் நாற்காலி போட்டுச் சம்பளம் கொடுக்கப்போகிறவர் யார்? சட்டம் மனிதனின் திறனை அளக்கிறது. அந்தத் திறனை விலைக்கு வாங்க ஆளிருக்கிறதா என்பதையும் அளந்தால் ஒழிய அது பாதி அளவுதான்.

இதனாலேயே நம் மாநிலத்திலுள்ள பெரிய மறுவாழ்வு நிலையத்தைப் பற்றியும் நமக்கு இரண்டு மனம். 2014-இல் ஆயர் குரோவுக்கு அருகே ஹாங் துவா ஜெயா பகுதியில் திறக்கப்பட்ட சொக்சோவின் துன் ரசாக் மறுவாழ்வு நிலையம் நாட்டுக்கே பெருமை தருவது, சந்தேகமில்லை. நடக்க மறந்த கால்களை நடக்க வைக்கிறார்கள். 2007-இல் தொடங்கிய "வேலைக்குத் திரும்புதல்" திட்டத்தின் மூலம் பலர் மீண்டும் சம்பளக்காரர்களாகியிருக்கிறார்கள். தொழிற்சாலைக்காரருக்கு அங்கே பழைய முதலாளியே வேறொரு மேசையைக் காட்டுவார். ஆனால் நிரை விற்கப்பட்டுவிட்ட தொழிலாளிக்குத் திரும்பிப் போக வேலை எது?

இப்போது சமூகநல இலாகாவின் உதவிகளுக்கு வருவோம். சொக்சோவில் இடமில்லாதவர், சந்தாவே பார்த்திராத குத்தகை ஆட்கள், பிறவி ஊனமுள்ள பிள்ளைகள் ஆகியோருக்கு இதுவே கதி. 2021-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இந்தத் தொகைகள் உயர்த்தப்பட்டன. வேலை செய்யும் ஊனமுற்றோருக்கு மாதம் 400 வெள்ளியாயிருந்தது 450 ஆயிற்று. வேலை செய்யவே இயலாதவருக்கு 250 வெள்ளியாயிருந்தது 300 ஆயிற்று. முன்னவருக்குக் கூடுதல், பின்னவருக்குக் குறைவு. உழைப்பில் ஊக்கம் பிறக்கவேண்டும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். கைகால் அசையாதவனுக்கு ஊக்கம் கொடுத்து என்ன செய்வது என்பதை யாரும் சொல்லக் காணோம்.

வேலை செய்வோர்க்குரிய அலவன்சுக்கு ஒரு வருமான வரம்பு உண்டு. நெடுநாள் அது 1,200 வெள்ளியாக இருந்தது. குறைந்தபட்சச் சம்பளமோ 2022 மே முதல் தேதி 1,500 ஆகி, 2025 பிப்ரவரி முதல் தேதி 1,700 ஆகியது. சம்பளம் முன்னே ஓட, வரம்பு பின்னே ஓடிப் பிடிக்கவேண்டிய நிலை. பிடிக்கத் தவறிய ஒவ்வொரு மாதமும், சட்டப்படி முழுச் சம்பளம் கொடுக்கும் யோக்கியமான முதலாளியிடம் வேலை செய்கிற ஊனமுற்றவர் உதவியை இழக்கிறார். குறைத்துக் கொடுக்கும் முதலாளியிடம் இருப்பவர் பெறுகிறார். இது யாருக்குக் கொடுக்கும் ஊக்கம்?

பால்மரத் தொழிலாளிக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. நம் சம்பளம் மாதச் சம்பளக்காரரின் சம்பளம் போன்றதன்று. இலையுதிர் காலத்தில் பால் வற்றும். மழை மாதத்தில் வெட்டு நாள் குறையும். நல்ல மாதத்தில் ஒட்டுப்பாலும் சேர்ந்து கையில் கொஞ்சம் கூடும். அந்த நல்ல மாதத்துச் சம்பளச் சீட்டைக் கொண்டுவா என்று கேட்டு, வரம்புக்கு மேலே 20 வெள்ளி இருக்கிறது என்று ஒருவரைத் தள்ளினால், மானம் கறுத்த மறுமாதம் அவர் எங்கே போவார்? வருஷத்துச் சராசரியைப் பார்க்கவேண்டும், வரம்பைத் தாண்டியவருக்கும் தாண்டிய அளவுக்கே உதவியைக் குறைக்கவேண்டும், ஒரேயடியாக வெட்டக்கூடாது.

வேலை செய்ய இயலாதவரின் உதவிக்குக் குடும்ப வருமானத்தைப் பார்க்கிறார்கள். கணினிப் பட்டியலால் வரும் ஆபத்து இங்கேதான் பெரிது. ஒரு வீட்டை உதாரணமாக எடுத்துக் கொள்வோம். தகப்பனாருக்குப் பக்கவாதம். தாய் கூலி வேலை. மகன் ஜொகூர் பாருவில் தொழிற்சாலையில் வேலை. கலியாணமாகி அங்கேயே வாடகைக்கு இருக்கிறான். ஆனால் மைகாட் அட்டையில் அவன் விலாசம் இன்னும் பழைய லயத்து வீடுதான். மாற்ற அவனுக்கு நேரமுமில்லை, நினைவுமில்லை. பட்டியலைப் பார்ப்பவருக்கு மகனின் சம்பளமும் அந்த வீட்டு வருமானம். தீபாவளிக்கு அவன் கொண்டுவரும் ஒரு சேலையும் வேட்டியும்தான் தாய் தகப்பன் கண்டது என்பதைக் கணினி அறியாது. உதவி நிற்கிறது. நிற்கிறது என்று சொல்லும் கடிதமோ விற்கப்பட்ட தோட்டத்தின் ஆபீசு விலாசத்துக்குப் போகிறது. அங்கே ஆபீசே இல்லை. அடுத்த மாதம் பேங்கு மெஷினில் அட்டையைப் போட்ட பிறகே தாய்க்குச் செய்தி தெரிகிறது.

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஊனத்தின் வகைகளை ஏழிலிருந்து 21 ஆக விரித்தது, பாராட்டவேண்டிய செய்கை. ஆனால் முக்கியமான சலுகைகளுக்கு 40 சதம் ஊனம் இருக்கவேண்டும் என்ற கோடும் அதில் இருக்கிறது. பிரிட்டனில் நடந்ததோ எல்லாருக்கும் பாடம். அங்கே அன்றாடக் காரியங்களுக்குப் புள்ளி போட்டு உதவி வழங்குகிறார்கள். இடுப்புக்குக் கீழே கழுவிக்கொள்ள ஒருவர் துணை வேண்டுமானால் 2 புள்ளி. தோளுக்கும் இடுப்புக்கும் நடுவே கழுவத் துணை வேண்டுமானால் 4 புள்ளி. மொத்தம் 8 சேர்ந்தால் உதவி. 2025 மார்ச் மாதம் அங்குள்ள தொழிற்கட்சி அரசாங்கமே, மொத்தம் 8 இருந்தால் போதாது, ஏதாவது ஒரு காரியத்திலாவது 4 புள்ளி வாங்கியிருக்கவேண்டும் என்று ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தது. சமைக்க, குளிக்க, உடுத்த, மலங்கழிக்க என்று நான்கிலும் இரண்டிரண்டு புள்ளியாகத் துன்பப்படுகிறவருக்கு ஒன்றும் கிடையாது என்று அர்த்தம். சொந்தக் கட்சி எம்.பி.க்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் எதிர்த்துக் கிளம்பவே, ஜூலை முதல் தேதி அந்த விதியைக் கைவிட்டார்கள். வேறோர் உதவியைப் புதிதாக மனுச் செய்வோர்க்கு 2026 ஏப்ரலிலிருந்து ஏறக்குறைய பாதியாக்கும் பகுதி மட்டும் நின்றுவிட்டது. தொழிலாளர் பெயரைச் சொல்லி ஆட்சிக்கு வந்தவர்களும் கணக்குப் பேனாவை எடுத்தால் இப்படித்தான் கீறுவார்கள் என்பதையும், எதிர்ப்பவர் எழுந்து நின்றால் கீறியதை அழிக்கவும் செய்வார்கள் என்பதையும் அது காட்டியது.

அந்தப் புள்ளிக் கணக்கு நமக்கும் அந்நியமானதன்று. பெருவிரல் முழுதும் போனால் 30 சதம், ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதம் என்பது பிரிட்டிஷ் அட்டவணை. நம் சட்டத்திலுள்ள காய அட்டவணையும் அந்த வழியில் பிறந்ததே. கிராணியாருக்கும் பால் வெட்டுகிறவருக்கும் விரல் ஒன்றுதான். ஆனால் உளியைப் பிடித்துப் பட்டையின் ஆழம் பார்த்து இழுப்பவருக்கு ஆள்காட்டி விரல் போனால் 14 சதம் போயிற்றா, தொழிலே போயிற்றா? மரம் காயப்பட்டால் நிரையை மாற்றுவார்கள். மரத்தைக் காயப்படுத்துகிறவரை வேலையிலேயே வைக்கமாட்டார்கள்.

நாம் அரசாங்கத்திடம் கேட்பது மிகவும் எளிது. பட்டியலை வைத்துப் புதியவரைச் சேர்க்கட்டும், தாராளமாகச் சேர்க்கட்டும். ஆனால் பட்டியலை மட்டும் பார்த்து ஒருவர் உதவியையும் நிறுத்தக் கூடாது. நிறுத்துமுன் ஓர் அதிகாரி அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்கவேண்டும். காரணத்தை எழுத்தில் கொடுக்கவேண்டும். மேல்முறையீடு முடியும் வரை பணம் வந்துகொண்டிருக்க வேண்டும். இத்தனையும் செய்ய ஆளில்லை என்பார்கள். பெட்ரோல் சலுகையில் மிச்சம் பிடித்த பணத்தில் ஆள் வைக்கட்டும்.

ஊனமுற்றோர்க்கான 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்துவது பற்றியும் அமைச்சு பலமுறை பேசியிருக்கிறது. அந்தச் சட்டம் உரிமைகளை அழகாகச் சொல்கிறது. மீறியவருக்குத் தண்டனை சொல்லவில்லை. பல் இல்லாத சட்டம். திருத்தினால் பல் வைக்கவேண்டும். 2010-இல் ஐக்கிய நாடுகளின் ஊனமுற்றோர் உரிமை ஒப்பந்தத்தில் நாடு சேர்ந்த பிறகு இதற்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கக் கூடாது.

வெளிநாட்டுத் தொழிலாளரைப் பற்றியும் ஒரு சொல். பக்கத்து நிரையில் வெட்டுகிற வங்காளதேசத்தவருக்கும் இந்தோனேசியருக்கும் 2019 ஜனவரி முதல் சொக்சோவின் விபத்துப் பாதுகாப்பும், 2024 ஜூலை முதல் இயலாமைப் பாதுகாப்பும் விரிக்கப்பட்டன. நம் பங்கு குறையும் என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். தவறு. அவருக்குச் சந்தா கட்டாமல் மலிவாக வைத்திருக்க முடிந்த காலத்தில்தான் முதலாளிமார் நம்மை விலக்கி அவரை எடுத்தார்கள். நம் பாட்டனார் கப்பலேற்றி அனுப்பப்பட்டதை மறந்துவிட்டு, இன்னொருவரை விமானமேற்றி அனுப்பச் சொல்வது நமக்கு அழகன்று.

இனி நம்மவரைப் பற்றி. குற்றமெல்லாம் புத்ராஜெயாவில் இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஊனமுற்றோர் அட்டைக்குப் பதிவு செய்வது கட்டாயமில்லை, விருப்பத்தைப் பொறுத்தது. ஆகவே பதியாதவர் பெயர் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. தோட்டப்புறங்களிலிருந்து வந்த எத்தனையோ குடும்பங்களில் இன்னும் பதியாத பிள்ளைகள் இருக்கின்றன. அக்காளுக்கு மாப்பிள்ளை வராது, வீட்டுக்குப் பெயர் கெட்டுவிடும் என்று பின்கட்டில் வைத்து வளர்க்கிறார்கள். பட்டியலைக் கொண்டு எல்லாம் நடக்கும் காலத்தில், பட்டியலில் இல்லாத பிள்ளை பிறக்காத பிள்ளைக்குச் சமம். தாய்மார்கள் கோபித்துக் கொண்டாலும் சரி, இதைச் சொல்லத்தான் வேண்டும்.

கிராணிமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். வேலையில் விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்கவேண்டியது முதலாளியின் கடமை. அந்தத் தாளை எழுதுகிறவர் நீங்கள். ஒருவர் சரிவில் சறுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆபீசுக்கு வருகிறார். "எண்ணெய் தேய்த்துக் கொள், நாளைக்குச் சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டு, செக்ரோலில் "வரவில்லை" என்று போட்டுவிடுவது மிகவும் சுலபம். ஆறு மாதம் கழித்து அவருக்கு எழுந்து நிற்க முடியாமற் போகும்போது, வேலையில் விழுந்ததற்கு ஓர் எழுத்துச் சாட்சி இல்லை. மருத்துவக் குழு எதை வைத்து நம்பும்? வயதானதால் வந்த வலி என்று எழுதிவிடும். அன்றைக்கு நீங்கள் எழுதியிருக்கக்கூடிய இரண்டு வரி, ஒரு குடும்பத்தின் ஆயுள் வருமானம். ஸ்டோரில் அமிலம் கண்ணில் தெறித்தாலும், உளி பட்டுச் சிறு வெட்டே விழுந்தாலும், தேதி, நேரம், நிரை எண், பார்த்தவர் பெயர் எழுதி வையுங்கள். நிர்வாகம் முகஞ்சுளித்தால் சங்கத்துக்குத் தெரிவியுங்கள்.

கிளைச் செயலாளர்கள் செய்யவேண்டியதும் இருக்கிறது. தத்தம் வட்டாரத்தில், தோட்டத்தில் இருப்பவராயினும் சரி, மஸ்ஜித் தானா, மெர்லிமாவ், டுரியான் துங்கால் வீடமைப்புகளுக்குக் குடிபோனவராயினும் சரி, ஊனமுற்றோர் உள்ள வீடுகளைத் தேடிப் பாருங்கள். மைகாட் விலாசம் இன்றைய விலாசந்தானா, பிரிந்து வாழும் பிள்ளைகளின் பெயர் அந்த வீட்டுக் கணக்கில் நிற்கிறதா, அட்டை பதிந்தாயிற்றா, சொக்சோ சந்தா எத்தனை மாதம் ஏறியிருக்கிறது என்ற நான்கையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு முன் உதவி நின்றுபோன வீடுகள் இருந்தால், எந்த மாதத்திலிருந்து நின்றது, கடிதம் வந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அமைச்சிடம் கொடுக்கப்போகும் மகஜரோடு இந்த விவரங்களை இணைக்கவேண்டும். ஆகையால் அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வருகிறபோது கையோடு கொண்டு வாருங்கள்.